பிளஸ் ஒன்னைத் திருடாதீங்கய்யா!

ஒரு வாரமா எழுதணும் எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். வாத்தியாரா இருக்கற பதிவர்கள் கோவிச்சுக்கப்படாது. உங்கள்ல பாதிப் பேர் என் கட்சிதான்னு எனக்குத் தெரியும்.

போன மாசம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி வருஷம் பல ஆச்சு. இப்ப எனக்கு நெய்வேலின்னா அக்கா வீடுதான். மச்சான் அனல்மின் நிலையத்துல வேலை. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து மனுஷன் அசந்து தூங்கிட்டு இருந்தார். ஹால்ல அக்கா பொண்ணு உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்தா. 2025 ஜூன்ல பிளஸ் ஒன் சேர்ந்தவ. மாமாங்கற ஹோதாவுல, என்ன படிக்குதுன்னு எட்டிப் பார்த்தேன். கையில இருந்தது பிளஸ் டூ இயற்பியல் புத்தகம், முதல் தொகுதி.

"ஏம்மா, நீ பிளஸ் ஒன்தானே?"

"ஆமா மாமா. எங்களுக்கு இப்பவே பிளஸ் டூ போர்ஷன்தான் எடுக்கறாங்க. ரெண்டு யூனிட் முடிஞ்சிருச்சு."

"அப்ப பிளஸ் ஒன் புக்கு?"

பரண் மேல கை காட்டினா. பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அழகா பேர் எழுதி... அதோட சரி. புது வாசனைகூடப் போகலை.

சமையல்கட்டுல இருந்து அக்கா குரல் வந்தது. "ஏன்டா, பதினொண்ணாவதுக்கு இனிமே பப்ளிக் கிடையாதுன்னு கவர்மென்ட்டே சொல்லிட்டாங்களே. அதைப் படிச்சு என்ன ஆவப் போவுது? ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே படிச்சா சென்டம் வாங்கிடும்ல புள்ள?"

இந்தக் கேள்விக்கு பதில்தான் இந்தப் பதிவு. அக்காகிட்ட நேர்ல சொன்னா மத்தியான சாப்பாடு கிடைக்காது :-)

மேட்டர் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன வரலாறு. தமிழ்நாட்டுல பிளஸ் டூ முறை வந்தது 1978-ல. அப்ப இருந்து நாப்பது வருஷத்துக்குப் பக்கமா, பிளஸ் ஒன்னுக்குப் பள்ளிக்கூடமே நடத்தற பரீட்சைதான். காலேஜ் சேர்றதுக்கும் அந்த மார்க்கை யாரும் பார்க்கறதில்லை. பல தனியார் பள்ளிக்கூடங்கள், குறிப்பா ரிசல்ட்டைப் பேப்பர்ல போட்டு விளம்பரம் பண்ற ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கள், பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே முழுங்கிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைச்சாங்க. இது ஊரறிஞ்ச ரகசியம். 2017-ல அரசு முழிச்சுக்கிச்சு. ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினாங்க, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வுன்னு ஆணை போட்டாங்க. முதல் தேர்வு 2018 மார்ச்ல நடந்தது. 1200-ங்கறது 600 ஆச்சு. ரெண்டு வருஷ மார்க்கும் காலேஜுக்குக் கணக்குல வரும்னு முதல்ல சொன்னாங்க. அதே 2018 செப்டம்பர்ல, இல்லை, பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு மாத்திட்டாங்க. பாம்புக்குப் பல்லைப் பிடுங்கினது அன்னிக்குத்தான். பாஸ் பண்ணினாப் போதும்னு ஆனதும் பழைய பள்ளிக்கூடங்கள் பழைய வழிக்கே மெதுவாத் திரும்ப ஆரம்பிச்சாச்சு. 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானப்ப பாம்பையே எடுத்துட்டாங்க. 2025-26-ல இருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது.

கொரோனா வருஷம் 2021-ஐக் கழிச்சா மொத்தமே ஏழு தடவைதான் நடந்தது அந்தத் தேர்வு.

தேர்வை எடுத்தது தப்புன்னு சொல்ல வரலைன்னு நைசா ஆரம்பிக்கலாம்னு பார்த்தேன். வேணாம். தப்புன்னே சொல்றேன். ஏன்னா நான் அந்த நாப்பது வருஷத்துல மாட்டினவன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பத்தாவதுல நல்ல மார்க் வாங்கினதும், நெய்வேலியிலயே எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, வீட்டுல கடன் வாங்கி என்னை வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒண்ணுல சேர்த்தாங்க. பேர் வேண்டாம். போன முதல் நாளே பிளஸ் டூ கணக்கு, அணிகள். பிளஸ் ஒன் புத்தகத்தை வாங்கவே சொல்லலை. பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வுன்னு ஒண்ணு நடந்துச்சு, கேள்விக்கு பதிலும் அவங்களே கரும்பலகையில எழுதிப் போட்டாங்க. ரெண்டு வருஷம் காலையில அஞ்சு மணியில இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அதே ஆறு புத்தகம். எந்தப் பக்கத்துல எந்தப் படம்னு இன்னிக்கும் சொல்லுவேன். 1997-ல கணக்குல இருநூத்துக்கு இருநூறு. தெருவுக்கே லட்டு கொடுத்தாங்க அம்மா.

நுழைவுத்தேர்விலயும் ஏதோ தேத்தி, மெக்கானிக்கல் கிடைச்சது. முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வாத்தியார் போர்டுல ஒரு உத்தரம் வரைஞ்சு, ரெண்டு அம்புக்குறி போட்டு, "இதெல்லாம் நீங்க பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிட்டார். வகுப்புல என்னை மாதிரி ஒரு இருபது பேர். எல்லாருமே கணக்குல இருநூறு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யாருக்கும் கை தூக்க தைரியம் இல்லை. சென்டம் வாங்கினவன் எப்படிங்க எழுந்து நின்னு "விசையைக் கூறாப் பிரிக்கறது எப்படி சார்"னு கேப்பான்? அந்த வருஷம் அந்தப் பேப்பர்ல அரியர். அடுத்த தடவையும் போச்சு.

லீவுக்கு வந்தப்ப புத்தகத்தை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சுரங்கத்துல பக்கெட் வீல் ஆபரேட்டர். நெய்வேலிக்காரங்களுக்கு விளக்க வேணாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன்: நிலக்கரிக்கு மேல மூடியிருக்கற மண்ணை வெட்டி அள்ளற ராட்சச மெஷின். நீண்ட கை, அதோட நுனியில ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுத்தி வாளிகள். பெரிய மெஷின்ல ஒரு வாளி மட்டுமே 1400 லிட்டர் கொள்ளும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா இது, தராசு மாதிரி போட்டிருக்கான்?"

"திருப்பு விசைப்பா. உங்களுக்குப் புரியாது." (இந்த வாக்கியத்துக்காக இன்னிக்கும் வெட்கப்படறேன்.)

அவர் சிரிச்சார். "எங்க மெஷின்ல முன்னால அவ்வளவு பெரிய கை நீட்டிக்கிட்டு நிக்குதே, ஏன் குப்புற விழலை சொல்லு? பின்னாடி பாரம் வச்சிருக்கான். அது எத்தனை டன்னுன்னு மட்டும் பார்த்தாப் போதாதுடா. நடுவுல இருந்து எவ்ளோ தூரத்துல தொங்குதுன்னும் பாக்கணும். ஏத்தம் இறைக்கிறவன் மரத்து மேல முன்னயும் பின்னயும் நடக்கறானே, அது எதுக்கு?"

அவ்வளவுதான் மெக்கானிக்ஸ் முதல் அத்தியாயம். பழைய எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச மனுஷன். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். பிளஸ் டூ வர்றதுக்கு முன்னாடி இருந்த எஸ்.எஸ்.எல்.சி.ங்கறதே பதினோராம் வகுப்புதான். அதாவது எங்கப்பா பதினொண்ணாவதுக்குப் பொதுத்தேர்வு எழுதினவர். பையன் எழுதலை. பேத்தியும் எழுதப் போறதில்லை. என்ன வளர்ச்சி பாருங்க!

அக்காவோட கேள்விக்கு வர்றேன். பிளஸ் ஒன் படிச்சு என்ன ஆவப் போவுது?

அக்கா, நீ குடியிருக்கற ஊரே பிளஸ் ஒன் பாடம்தான். மண்ணை வெட்டற சக்கரம் சுழற்சி இயக்கம். நிலக்கரிப் படுகைக்குக் கீழ இருக்கற ஊற்றுத் தண்ணி மேல்நோக்கி அழுத்திக்கிட்டே இருக்கும். ராப்பகலா பம்ப் போட்டு இறைச்சு அந்த அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தோட தரையே பிளந்துக்கும். அது பருப்பொருளின் பண்புகள், பிளஸ் ஒன் இயற்பியல், ஏழாவது அலகு. அந்த நிலக்கரியை எரிச்சுத் தண்ணியை நீராவியாக்கி, அது டர்பைனைச் சுத்தற வரைக்கும் வெப்ப இயக்கவியல், எட்டாவது அலகு. எவ்வளவு எரிச்சாலும் அந்த வெப்பத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் ஏன் கரண்டா மாறுதுங்கறதுக்கான பதிலும் அங்கதான் ஆரம்பிக்குது. டர்பைனோட தண்டு ஜெனரேட்டருக்குள்ள நுழையுது பாரு, அந்த இடத்துலதான் பிளஸ் டூவே தொடங்குது: மின்காந்தத் தூண்டல், மின்மாற்றி எல்லாம். சோவியத் உதவியோட 1962-ல ஓட ஆரம்பிச்சு 2020-ல மூடின முதலாவது அனல்மின் நிலையத்துல இருந்து இப்ப இருக்கறது வரைக்கும் எல்லாத்துக்கும் இதே வரிசைதான். பாய்லர் இல்லாம ஜெனரேட்டரை மட்டும் வாங்கி நட்டு வச்சுட்டு, ரெண்டு வருஷம் அதுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சா கரண்ட் வந்துடுமா?

சரி, ஊரை விடு. பரீட்சை மட்டும்தான் முக்கியம்னே வச்சுக்குவோம். பிளஸ் டூ இயற்பியல்ல முதல் அலகுலயே மின் இருமுனை மேல செயல்படற திருப்பு விசை வரும். திருப்பு விசைன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தது பிளஸ் ஒன். காந்தப்புலத்துல மின்துகள் வட்டமா சுத்தும். வட்ட இயக்கமும் மையநோக்கு விசையும் பிளஸ் ஒன். கணக்குல வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள்னு ஒரு அத்தியாயம் பிளஸ் டூவுல இருக்கு. வகையிடறதே பிளஸ் ஒன்லதான் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம பயன்பாட்டுக்கு எங்க போறது? வேதியியல்ல மோல் கணக்கும் கரிம வேதியியலுக்குப் பேர் வைக்கறதும் பிளஸ் ஒன். அயனிச் சமநிலை பிளஸ் டூ, ஆனா சமநிலைன்னா என்னங்கறது பிளஸ் ஒன். இதெல்லாம் தெரியாம பிளஸ் டூ படிக்கறதுன்னா ஒரே வழிதான்: எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

அந்த மனப்பாடமும் முன்ன மாதிரி இப்ப வேலைக்கு ஆகாது. எங்க காலத்துல எந்தப் பாடத்துல இருந்து எத்தனை மார்க்னு ப்ளூபிரிண்ட் உண்டு. நாலு பாடத்தை விட்டுட்டே இருநூறு வாங்கலாம். புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு அது போயாச்சு. இப்ப இயற்பியல்ல எழுத்துத் தேர்வு 70 மார்க். அதுல ரெண்டு மார்க் பகுதியிலயும் மூணு மார்க் பகுதியிலயும் ஒவ்வொரு கட்டாய வினா இருக்கு, சாய்ஸ் கிடையாது. பெரும்பாலும் கணக்குதான் வரும். புத்தகத்துல இருக்கற எண்ணை மாத்தித்தான் கேப்பான். உருப்போட்ட புள்ள அங்க பேனாவை வச்சுட்டு முழிக்கும்.

நீட், ஜே.இ.இ. பத்திச் சொல்லவே வேணாம். ரெண்டுக்குமே பாடத்திட்டம் ரெண்டு வருஷப் பாடமும்தான். அந்தத் தேர்வுகள் வேணுமா வேணாமாங்கறது தனிச் சண்டை, அதை இன்னொரு நாள் வச்சுக்குவோம். இருக்கற வரைக்கும் நம்ம புள்ளைங்க அதைத்தானே எழுதியாகணும்?

இங்கதான் எனக்கு உண்மையிலயே வயிறு எரியுது. காசு இருக்கறவன் வீட்டுப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிளஸ் ஒன்னை முழுங்கினாலும் நஷ்டம் கிடையாது. லட்சக்கணக்குல கட்டிப் போற கோச்சிங்ல அதே பாடத்தை உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்துடறான். நெய்வேலியைச் சுத்தி இருக்கற கிராமத்துல, நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துட்டு ஒப்பந்தக் கூலியா வேலைக்குப் போறவர் புள்ளைக்கு? அதுக்குப் பள்ளிக்கூடத்துல கிடைச்சாத்தான் உண்டு. பொதுத்தேர்வு இருந்த வரைக்கும், பயத்துக்காகவாவது பாடம் நடந்தது. கேள்வி கேக்க ஆள் இல்லேன்னா முதல்ல பட்டினி கிடக்கறது அந்தப் புள்ளைதான். நியாயமாச் சொன்னா, எனக்குத் தெரிஞ்ச அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பல பேர் தேர்வு இருந்தாலும் இல்லாட்டியும் பிளஸ் ஒன்னை ஒழுங்கா நடத்தறவங்கதான். ஆனா ரிசல்ட் சதவீதம் என்ன ஆச்சுன்னு மேல இருந்து குடைச்சல் வந்தா அவங்களும்தான் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாங்க?

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு தொடர்ந்து மூணு வருஷம் பொதுத்தேர்வு, பிஞ்சுகள் பாவம்" அப்படின்னு ஒரு வாதம் வரும். ஒத்துக்கறேன், பாவம்தான். அப்ப பயத்தை எடுத்திருக்கணும். மாநிலம் முழுக்க ஒரே கேள்வித்தாள், பாஸ் ஃபெயில் கிடையாது, அந்தந்தப் பள்ளிக்கூடமே திருத்தட்டும், மார்க்கை பிளஸ் டூ சான்றிதழ்ல ஒரு ஓரமாப் போடுங்கன்னு ஏதாவது செஞ்சிருக்கலாம். ஒட்டுமொத்தமா எடுத்தா மிச்சம் இருக்கறது ஸ்கூல் தாளாளரோட மனசாட்சி மட்டும்தான். நாப்பது வருஷம் அதை நம்பினோமே, போதாதா?

"சி.பி.எஸ்.இ.யில பதினொண்ணாவதுக்கு போர்டு எக்ஸாம் இல்லையே?" இல்லைதான். அங்கயும் பல இடத்துல பதினொண்ணாவது பாடம் கோச்சிங் சென்டர்லதான் நடக்குது, காசுக்கு. அதே சமயம் பக்கத்துல ஆந்திராவையும் கேரளாவையும் பாருங்க. முதல் வருஷத்துக்கும் பொதுத்தேர்வு, ரெண்டு வருஷ மார்க்கும் சேர்ந்து வர்ற முறை அங்க காலங்காலமா இருக்கு. பிஞ்சுகள் அங்கயும் இருக்காங்க.

இதுல அட்வைஸ் திலகங்கள் தொல்லை வேற. வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தா ஹால் பிடிச்சு, மைக் பிடிச்சு, "வெற்றி நிச்சயம்"னு ஒரு கூட்டம். நானும் அக்கா பொண்ணுக்குத் துணையா ஒண்ணுக்குப் போய் ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தேன். காலையில நாலு மணிக்கு எழுந்திரு. வெண்டைக்காய் சாப்பிடு. வல்லாரை சாப்பிடு. பாதாமை ஊற வை. கண்ணை மூடி நீ கலெக்டரா கார்ல இருந்து இறங்கறதாக் கற்பனை பண்ணு. விடைத்தாள்ல மார்ஜின் போடு, முக்கிய வார்த்தைக்கு அடிக்கோடு போடு. கடைசியா, இந்த இருபத்தஞ்சு கேள்வி கண்டிப்பா வரும்னு ஒரு தாள். அத்தனை பேர் பேசினாங்களே, ஒரு மகானாவது "கண்ணுங்களா, உங்க பிளஸ் ஒன் புத்தகம் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டாரா? மூச்! கேட்டா அந்தக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டவங்களுக்கே கோபம் வந்துடும் போல.

வெண்டைக்காய் மேல எனக்கு விரோதம் எதுவும் இல்லை. வத்தக்குழம்புக்கு அதை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா அதுக்கு வகைநுண்கணிதம் தெரியாது மக்களே!

2021-ஐயும் ஞாபகப்படுத்தறேன். கொரோனாவால பிளஸ் டூ தேர்வே ரத்து. மார்க் எப்படிப் போட்டாங்க? பத்தாவதுல இருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுல இருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டுல இருந்து 30. "பிளஸ் ஒன்தானே"ன்னு பாஸ் மார்க்கோட விட்டவங்க அன்னிக்கு முழிச்ச முழி இருக்கே... என் நண்பன் பையன் ஒருத்தன் ஒரு வாரம் யாரோடயும் பேசலை.

அன்னிக்கு மத்தியானம் என்ன நடந்ததுன்னு சொல்லி முடிச்சுக்கறேன். பரண்ல இருந்து பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை நானே ஏணி போட்டு இறக்கினேன். தூசி தும்மல்ல மச்சான் எழுந்துட்டார். அக்கா பொண்ணுகிட்ட பெருசா ஒண்ணும் கேக்கலை. பள்ளிக்கூடத்துல அவங்க என்ன நடத்தறாங்களோ அதை நீ படிச்சுத்தான் ஆகணும், அதை மாத்த உன்னாலயும் முடியாது என்னாலயும் முடியாது. ஆனா பிளஸ் டூவுல ஒரு அலகு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அதுக்கு அடி எங்க இருக்குன்னு பிளஸ் ஒன் புத்தகத்துல தேடி அதை மட்டும் படி, எடுத்துக்காட்டுக் கணக்கு எல்லாத்தையும் விடையை மூடி வச்சுட்டுப் போடுன்னேன். வாரத்துல ரெண்டு சாயங்காலம் போதும். புரியாததைக் குறிச்சு வை, ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு போன் போடு. பரீட்சை அன்னிக்குக் கேள்வித்தாள் படிக்கறதுக்குன்னே முதல் பத்து நிமிஷம் தர்றாங்க இல்லையா, அதுல முதல்ல அந்தக் கட்டாய வினாவைத் தேடு, அது தெரியும்னா மிச்சத்தை நிதானமா எழுதலாம்னும் சொன்னேன்.

"அப்ப நாலு மணிக்கு எழுந்திரிக்க வேணாமா மாமா?"

"தூங்கும்மா."

அக்கா ஒண்ணும் பேசலை. சாப்பாடு போட்டாங்க, ஆனா அப்பளம் வரலை.

மச்சான் மட்டும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துட்டு, வெப்ப இயக்கவியல் பக்கத்துல நிறுத்தினார். "இது நாங்க தினம் பாக்கறதுதானே... இதையா நடத்தாம விட்டிருக்காங்க?"ன்னார். மகளைக் கூப்பிட்டு உட்கார வைச்சு, பாய்லர்ல இருந்து நீராவி எப்படிப் போகுதுன்னு பேப்பர்ல கோடு போட ஆரம்பிச்சார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப கன்டென்சர் வரைக்கும் வந்திருந்தாங்க.

போன ஞாயித்துக்கிழமை போன் வந்தது. "மாமா, கார்னோ இன்ஜின்ல ஒரு டவுட்டு. அந்தக் குளிர்ந்த பக்கத்தோட வெப்பநிலையைக் குறைச்சுக்கிட்டே போனா நூறு சதவீதம் கிடைக்காதா?"

எனக்கும் சட்டுனு வரலை. திரும்பக் கூப்பிடறேன்னு சொல்லிட்டு, இப்ப நானும் ஒரு பிளஸ் ஒன் புத்தகம் வாங்கி வச்சிருக்கேன்.